மறுபடியும் வைக்கவும்

என் பையில் பணத்தைவிட ஒயர்தான் அதிகம்.
தீப்பெட்டி அளவில் கைரேகைக் கருவி,
அதைப் போனில் சேர்க்கும் ஓடிஜி பின்,
சோப்புக்கட்டி கனத்தில் பவர் பேங்க்,
சீட்டுத் துப்பும் ப்ளூடூத் பிரிண்டர்.

பின் இது மூன்றாவது.
முதல் இரண்டும் ஜெகதேவி பஸ்ஸில்
யாரோ ஒருவரின் இடுப்பில் நசுங்கிச் செத்தன.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் இம்தியாஸ் கடையில்
நூற்றிருபது சொன்னான், எண்பதுக்குத் தந்தான்.
"ஒரிஜினல் மாதிரியே இருக்கும்க்கா."
பொய்யில்லை.
மாதிரி என்றுதானே சொன்னான்.

வெள்ளிக்கிழமை, பால் சொசைட்டி வாசல்.
நூறுநாள் வேலைக் கூலி.
வரிசையில் முதல் ஆள் திம்மராயன்.
வலது கட்டைவிரல்.
மறுபடியும் வைக்கவும்.
ஆள்காட்டி.
மறுபடியும் வைக்கவும்.
கோயிலைச் சுற்றுவதுபோல்
பத்து விரலையும் ஒரு சுற்று வந்தோம்.
இருபது வருஷம் கிரானைட்டுக்கு மெருகு போட்ட கை,
தானும் மெருகேறிவிட்டிருக்கிறது.

"நான் தேய்ச்ச கல்லு
பெங்களூர்ல எவன் வூட்டுத் தரையிலயோ கெடக்கு.
ரேகை வேணும்னா
அங்க போயி எடுத்துக்கச் சொல்லும்மா."

பயிற்சியில் சொல்லித்தராத உதிரிகளும்
பையின் பக்க அறையில் உண்டு:
ஈரத்துணி. எலுமிச்சை மூடி.
பழைய நெயில் பாலிஷ் பாட்டிலில் தேங்காயெண்ணெய்.
தளரும் பின்னை இறுக்க
என் சடையிலிருந்து கழற்றிய ரப்பர் பேண்ட்.
ஒரு குடை, மழைக்கு அல்ல.
நேர்வெயில் பட்டால் கருவிக்குக் கண் கூசும்.

துடைத்து, தடவி, ஊதி,
கடைசியில் இடது மோதிரவிரலில் பச்சை எரிந்தது.
உளி பிடிக்க உதவாத விரல்;
அதனால்தான் தப்பியிருக்கிறது.
ஆயிரத்து நூறு.
பிரிண்டர் நாக்கை நீட்டியது.
அவர் சீட்டை வாங்கி, படிக்காமல்,
சட்டைப்பையில் பீடிக்கட்டோடு வைத்துக்கொண்டார்.

பங்குனி பிறந்தால் எங்கள் தெரு முழுக்கப் புளி.
ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால்
பன்னிரண்டு மணிவரை தட்டி, கொட்டை எடுத்து,
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
நகக்கண் எரியும். சாம்பாரைத் தொட்டாலும் எரியும்.
வேறொன்றும் தோன்றவில்லை எனக்கு.

அடுத்த வெள்ளி.
கருவியைத் திறக்க முதலில் முகவரின் விரல் வேண்டும்.
வைத்தேன்.
மறுபடியும் வைக்கவும்.
துடைத்து வைத்தேன்.
மறுபடியும்.

திரையில் என் போட்டோ இருக்கிறது,
தே. நாகவேணி என்று பெயரும் இருக்கிறது.
நான்தான் அது என்று
நான் சொன்னால் செல்லாது.
எதிரே பத்தொன்பது பேர்.

திம்மராயன் எழுந்து வந்து குடையை விரித்தார்.
முனிலட்சுமி என் பையில் கைவிட்டு
கேட்காமலே எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள்;
எந்த அறை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
"சுண்டுவிரல வெய்யி. பதறாத.
அழுத்தாத, சும்மா தொடு.
மூச்ச வுடு."
எல்லாம் நான் சொல்கிற வார்த்தைகள்.
என் இழுவையோடு சொன்னாள், கள்ளி.
வரிசை சிரித்தது.

பவர் பேங்கில் ஒரே ஒரு புள்ளி விளக்கு.
என் விரல் அவள் பிடியில்.
திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.

பின்னாலிருந்து ஒரு குரல்:
"பத்தரை பஸ்ஸு வந்துரும்,
யாராச்சும் ஒருத்தராவது
ஆளா இருங்கப்பா."